ஆல்ஃபாஃபோல்டு தரவுத்தளம்: உருவம் தருகிறது, சவ்வை நாம்தான் வைக்க வேண்டும்

முதுகலைத் தாவரவியல் மாணவர்களுக்குச் சவ்வுப் புரதங்கள் நடத்துகிறேன். பல வருடம் கரும்பலகையில் ஆறு உருளைகளை வரைந்துதான், சவ்வின் வழியே தண்ணீரைக் கடத்தும் அக்வாபோரின் புரதத்தைப் புரியவைத்தேன். இப்போது வகுப்பிலேயே, கணினி கணித்த முப்பரிமாணப் புரத வடிவங்கள் உள்ள ஆல்ஃபாஃபோல்டு தரவுத்தளத்தைத் திறந்துவிடுகிறேன். டீப்மைண்டும் ஐரோப்பிய உயிர்த்தகவலியல் நிறுவனமும் 2021 ஜூலையில் இதை வெளியிட்டபோதே அராபிடாப்சிஸ் செடியின் புரதங்கள் இதில் இருந்தன. பணம் கட்ட வேண்டாம், பெயர் பதியவும் வேண்டாம்.

நான் முதலில் தேடச் சொல்வது பிஐபி2;1 என்ற அராபிடாப்சிஸ் அக்வாபோரின். வேர் செல்களில் தண்ணீரைக் கடத்தும் புரதம், 287 அமினோ அமிலங்கள். திரையில் அதைச் சுழற்றினால் ஆறு சுருள்களுக்கு நடுவில் இரண்டு அரைச் சுருள்கள் தெரியும். ஒன்று செல்லுக்கு உள்ளிருந்து வருகிறது, மற்றது வெளியிலிருந்து. "மேடம், ரெண்டும் நடுவுல வந்து முட்டிக்குது" என்றாள் ஒரு மாணவி. அந்த இடத்தில்தான் தண்ணீர் மூலக்கூறுகள் ஒற்றை வரிசையில் போகின்றன. என் கரும்பலகைப் படத்தில் இதை யாரும் இப்படிப் பார்த்ததில்லை.

நிறத்தைக் கவனிக்காமல் படிக்காதீர்கள். கருநீலம் என்றால் அந்தப் பகுதியின் கணிப்புக்கு நம்பகம் நூற்றுக்கு 90க்கு மேல். ஆரஞ்சு என்றால் 50க்குக் கீழ், அங்கே காட்டும் வடிவத்தைப் பொருட்படுத்த வேண்டாம்.

சரி, குறைகள். படத்தில் சவ்வே கிடையாது. கொழுப்புப் படலம் எந்த உயரத்தில் தொடங்குகிறது, எந்த முனை சைட்டோபிளாசத்தில் இருக்கிறது என்பதை நாம்தான் சொல்ல வேண்டும். (இரண்டு முனைகளும் உள்ளேதான்.) நான் கோப்பை இறக்கி மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஓபிஎம் சேவையில் கொடுத்து, சவ்வின் இரு எல்லைகளையும் வரைந்து வாங்குகிறேன். இன்னொன்று, செடியில் இந்தப் புரதம் நான்கு நான்காகச் சேர்ந்து நிற்கும். நான் பார்க்கும் பக்கத்தில் இருப்பது ஒற்றைச் சங்கிலி. தண்ணீர்த் துளையின் கதவு திறப்பதும் மூடுவதும் கூட ஒரே படத்தில் வராது. அதற்குப் பாலக்கீரையின் பிஐபி2;1 படிக அமைப்பைப் பார்க்க வேண்டும், 2006இல் வெளிவந்தது. வெள்ளத்தில் வேருக்கு ஆக்சிஜன் கிடைக்காமல் செல் அமிலமாகும்போது, சுருள்களை இணைக்கும் வளையங்களில் ஒன்றான டி வளையம் எப்படித் துளையை அடைக்கிறது என்று அதில் தெளிவாக இருக்கிறது.

எனக்கு மிக முக்கியமாகப் படுவது புரதத்தின் வால் பகுதி. அமினோ முனையில் 4, 6ஆம் இடங்களில் இரண்டு அமில அமினோ அமிலங்கள் உண்டு. எண்டோபிளாச வலைப்பின்னலை விட்டுக் கிளம்பி பிளாஸ்மா சவ்வுக்குப் போக அவைதான் சீட்டு. அவற்றை மாற்றினால் புரதம் வலைப்பின்னலிலேயே தங்கிவிடுகிறது. திரையிலோ அந்த வால் சும்மா தொங்கும் நூல் மாதிரி தெரியும். மாணவர்கள் அதை வெட்டி எறிந்துவிட்டு அழகான நீலப் பகுதியை மட்டும் படம் எடுக்கிறார்கள். தயவுசெய்து வெட்டாதீர்கள்.

அதனால் புரதம் செல்லில் எங்கே இருக்கிறது என்று பார்க்கச் சூபா தரவுத்தளத்தையும் பக்கத்திலேயே திறந்து வையுங்கள், மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தினுடையது. ஒளிரும் புரதம் ஒட்டிப் பார்த்த சோதனைகள், நிறை நிறமாலைச் சோதனைகள், கணினிக் கணிப்புகள் எல்லாம் அதில் தனித்தனியாக இருக்கும். கணிப்பை விட்டுவிட்டுச் சோதனையை முதலில் படியுங்கள். சூபாவில் அராபிடாப்சிஸ் மட்டும்தான். நெல்லோ கோதுமையோ என்றால் அதே பல்கலைக்கழகத்தின் கிராப்பால் தரவுத்தளத்துக்குப் போக வேண்டும்.