மகளின் இனிஷியலை மாற்றப் போய் 23,500 ரூபாயை இழந்தேன்: பெற்றோர்கள் தயவுசெய்து படியுங்கள்

ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகளின் இனிஷியலைச் சட்டப்படி மாற்றித் தருவதாகச் சொன்ன ஓர் இணையவழி ஆவணச் சேவைத் தளத்திடம் 23,500 ரூபாயைக் கொடுத்து ஏமாந்திருக்கிறேன். ஏமாந்துவிட்டேன் என்பது நேற்று முன்தினம்தான் உறுதியானது. புகார் நிலுவையில் இருப்பதால் தளத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. அரசுச் சின்னத்தைப் போலவே தோன்றும் ஒரு முத்திரையை முகப்பில் வைத்துக்கொண்டு, பெயர் மாற்றம், அரசிதழ் வெளியீடு, பிறப்புச் சான்றிதழ் திருத்தம் ஆகிய அனைத்தையும் வீட்டிலிருந்தபடியே முடித்துத் தருவதாக விளம்பரம் செய்யும் தளங்களில் அதுவும் ஒன்று.

என் மகளுக்கு மூன்று வயது இருக்கும்போது அவளுடைய அப்பா இறந்துவிட்டார். நான்கு ஆண்டுகளுக்கு முன்பு நான் மறுமணம் செய்துகொண்டேன். அவளைப் பள்ளிக்குக் கூட்டிப் போவதும், காய்ச்சலில் இரவெல்லாம் விழித்திருப்பதும், கணக்குச் சொல்லிக் கொடுப்பதும் இப்போதைய என் கணவர்தான். "பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் இந்த அப்பாவின் இனிஷியல்தான் வர வேண்டும்" என்று அவளே கேட்டாள். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கான நாமினல் ரோல் (தேர்வு எழுதும் மாணவர்களின் பெயர்ப் பட்டியல்) தயாராவதற்குள் பள்ளிப் பதிவேட்டில் மாற்றம் நடந்துவிட வேண்டும், மதிப்பெண் சான்றிதழ் அச்சாகிவிட்டால் பிறகு பெரும்பாடு என்று பள்ளியில் சொன்னார்கள். அரசிதழ் அறிவிப்பைக் கொண்டுவரும்படியும் கேட்டார்கள். அந்த அவசரத்தில்தான் இணையத்தில் தேடினேன்.

விவரங்களைப் பதிந்த பத்தாவது நிமிடத்தில் ஒருவர் அழைத்தார். முதல் வார்த்தையே "அக்கா" என்றுதான் வந்தது. என் நிலைமையைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, 2022 ஜூலை 28 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பைப் பற்றி அவர் எடுத்துச் சொன்னார். தந்தை இறந்த பிறகு தாய்தான் குழந்தையின் இயற்கைக் காப்பாளர் என்றும், மறுமணம் செய்துகொண்ட தாய் தன் குழந்தைக்கு எந்தக் குடும்பப்பெயரை வைப்பது என்று முடிவெடுக்கும் உரிமை அவளுக்கு உண்டு என்றும், ஆவணங்களில் இரண்டாவது கணவரை 'மாற்றாந்தந்தை' என்று எழுதச் சொன்ன ஆந்திர உயர் நீதிமன்றத்தின் உத்தரவைக் குழந்தையின் மனத்தைப் பற்றி நினைத்துப் பார்க்காத, ஏறக்குறைய கொடூரமான உத்தரவு என்று உச்ச நீதிமன்றம் கண்டித்து நீக்கியது என்றும் அவர் சொன்னார். அழைப்பை வைத்ததும் செய்தித்தாள்களில் தேடிப் பார்த்தேன். எல்லாமே உண்மை. எனக்காகவே எழுதப்பட்ட தீர்ப்பைப் போல இருந்தது. இவ்வளவு தெரிந்த ஒருவர், அதுவும் "உங்களுக்கு உரிமை இருக்கு அக்கா, யாரும் தடுக்க முடியாது" என்று பேசியவர், திருடனாக இருப்பார் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பதினோரு ஆண்டுகளாகச் சொந்தக்காரர்களிடமிருந்து கூட நான் கேட்காத வார்த்தைகள் அவை.

பதிவுக் கட்டணம் என்று முதலில் 6,500 ரூபாய் வாங்கினார்கள். அடுத்த வாரம், வரிசையில் நிற்காமல் உடனடியாக அரசிதழில் வெளியிட 9,000 ரூபாய் என்றார்கள். பிறகு, பிறப்புச் சான்றிதழில் தந்தையின் பெயரையே மாற்றித் தருகிறோம் என்று சொல்லி 8,000 ரூபாய் வாங்கினார்கள். மூன்று முறையும் பணம் போனது நிறுவனத்தின் கணக்குக்கு அல்ல, வெவ்வேறு தனிநபர்களின் யுபிஐ எண்களுக்கு. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். மொத்தம் 23,500 ரூபாய். மகளின் அடுத்த ஆண்டுப் பள்ளிக் கட்டணத்துக்காகச் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணம் அது.

இரண்டு மாதம் கழித்து வாட்ஸ்அப்பில் ஒரு பிடிஎஃப் வந்தது. தமிழ்நாடு அரசிதழின் பக்கம், பகுதி 6, பிரிவு 4, வரிசை எண், என் மகளின் பழைய பெயர், பிறந்த தேதி, சொந்த மாவட்டம், இனிமேல் இன்ன பெயரால் அறியப்படுவாள் என்ற வாசகம் என எல்லாம் அதில் இருந்தன. அதை அச்செடுத்து, உறையிலிட்டு, இனிப்போடு பள்ளிக்குக் கொண்டுபோனேன். அலுவலகத்தில் இருந்த எழுத்தர் அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தாளை முகத்தருகே பிடித்துப் பார்த்தார். என் மகளின் பெயர் இருந்த நான்கு வரிகள் மட்டும் மற்ற வரிகளைவிடச் சற்றுக் கறுப்பாக இருந்தன. பிறகு அவர் தேதியில் விரல் வைத்தார். "இது வெள்ளிக்கிழமைன்னு இருக்கேம்மா, வாராந்திர கெஜட் புதன்கிழமைதானே வரும்?" என்றார். எழுதுபொருள் மற்றும் அச்சுத்துறையின் இணையதளத்தில் அந்த வார இதழைத் திறந்து பார்த்தோம். அந்த வரிசை எண்ணில் முன்பின் தெரியாத ஒரு பெரியவரின் பெயர் மாற்றம் வெளியாகியிருந்தது. அவருடைய அறிவிப்பை அழித்துவிட்டு அதன்மேல் என் மகளின் பெயரைத் தட்டச்சு செய்திருக்கிறார்கள். அந்த அம்மா மட்டும் கவனிக்காமல் இருந்திருந்தால், ஒரு போலி ஆவணத்தின் மேல் என் மகளின் பள்ளிச் சான்றிதழ்கள் முழுவதும் நின்றிருக்கும்.

அதற்குப் பிறகு நடந்தவற்றை நினைக்கும்போது பணம் போனதைவிட அதிகமாக எரிகிறது. முதல் அழைப்பில் சர்வர் பழுது என்றார்கள். இரண்டாவது அழைப்பில் தேதி அச்சுப்பிழை என்றும், திருத்திய பிரதி மூன்று நாளில் வரும் என்றும் சொன்னார்கள். மூன்று நாள் எட்டு நாளானது. அக்கா என்று அழைத்தவர் மேடம் என்று அழைக்கத் தொடங்கினார். பிறகு அவர் எடுக்கவே இல்லை. வேறொரு பெண் எடுத்து, "நாங்க கன்சல்டிங் மட்டும்தான் மேடம், கெஜட் வெண்டார் வேற" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். நான் மின்னஞ்சலில் அனுப்பிய புகாருக்கு, உங்கள் கோரிக்கை வெற்றிகரமாக நிறைவேற்றப்பட்டது என்ற பதிலும், சேவைக்கு நட்சத்திர மதிப்பீடு வழங்குமாறு ஒரு வேண்டுகோளும் வந்தன. 23,500 ரூபாயைத் திருப்பிக் கேட்ட அன்று மாலையே என் எண்ணைத் தடை செய்துவிட்டார்கள்.

நேற்று மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போனேன். அங்கே இருந்த வழக்கறிஞர் அந்தத் தீர்ப்பின் மறுபாதியைச் சொன்னபோதுதான் எனக்கு முழுவதும் விளங்கியது. அந்த வழக்கில் தாயின் இரண்டாவது கணவர், வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே, பதிவு செய்த பத்திரத்தின் மூலம் குழந்தையைத் தத்தெடுத்திருக்கிறார். அதை அந்த ஆள் என்னிடம் மூச்சுவிடவில்லை. அரசிதழில் இனிஷியல் மாறினால் பெயர் மாறும். அப்பா மாறிவிட மாட்டார். பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் 1969இன் பிரிவு 15, பதிவில் நேர்ந்த பிழையைத் திருத்தத்தான் இடம் தருகிறது. பிறந்தபோது சரியாகப் பதிவான தந்தையின் பெயர் பிழையே அல்ல என்பதால், தத்தெடுப்பு இல்லாமல் அதை மாற்றித் தருவதாகச் சொன்ன 8,000 ரூபாய் வேலை தொடக்கத்திலிருந்தே நடக்க முடியாத வேலை.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. 1956ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு மற்றும் பராமரிப்புச் சட்டப்படி, வேறு வழக்காறு இல்லாத குடும்பங்களில், 15 வயது நிறைவடையாத பிள்ளையைத்தான் தத்தெடுக்க முடியும். என் மகளுக்கு 15 முடிய இன்னும் ஐந்து மாதங்களே இருக்கின்றன. சிறார் நீதிச் சட்டத்தின்கீழ் 18 வயது வரை வேறு வழி இருக்கிறது என்றாலும், அது தனியே ஒரு நடைமுறை, ஆட்சியர் உத்தரவு வரை போக வேண்டும். 23,500 ரூபாயை எப்படியாவது மறுபடி சேர்த்துவிடுவேன். இவர்கள் இழுத்தடித்துத் தின்ற நாட்களை யார் திருப்பித் தருவார்கள்? பள்ளியிலிருந்து வெறுங்கையோடு வந்த அன்று, "அப்போ மார்க் ஷீட்டுல வராதாம்மா?" என்று அவள் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போது காவல் நிலையத்துக்குக் கிளம்ப வேண்டியிருப்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். தமிழ்நாட்டில் பெயர் மாற்ற அறிவிப்புக்கு எழுதுபொருள் மற்றும் அச்சுத்துறையிடமே நேரடியாக விண்ணப்பிக்கலாம். சிறுவர்களுக்குப் பெற்றோரோ காப்பாளரோ கையெழுத்திட வேண்டும். அரசுக் கட்டணம் சில நூறு ரூபாய்தான். ஆயிரக்கணக்கில் கேட்டால் அந்த இடத்திலேயே அழைப்பைத் துண்டித்துவிடுங்கள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு இல்லாமல் இலவசச் சட்ட உதவி உண்டு. இணையத்தில் தேடுவதற்கு முன் ஆணைக்குழுவுக்குப் போங்கள், நான் தலைகீழாகச் செய்துவிட்டேன். பணம் போனது தெரிந்தவுடன் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் செய்யுங்கள். என்னைப் போலத் திருத்திய பிரதி வரும் என்று நாட்களைக் கடத்தாதீர்கள். யாராவது அரசிதழ்ப் பக்கத்தை அனுப்பினால், அதே இதழைத் துறையின் தளத்தில் திறந்து வரிசை எண்ணை ஒப்பிட்டுப் பார்க்காமல் எந்த அலுவலகத்திலும் கொடுக்காதீர்கள். பெயர் மாற்றத்தின் சட்ட விளைவுகளுக்கும் தவறான தகவல்களுக்கும் அறிவிப்புக் கொடுத்தவரே முழுப் பொறுப்பு என்று அரசிதழிலேயே அச்சிட்டிருக்கிறார்கள். போலிப் பக்கம் பிடிபட்டால் முதலில் விசாரிக்கப்படுவது அதைக் கொண்டுபோய்க் கொடுத்த தாய் தகப்பன்தான்.