ஜேடு சோதனைக் கருவிகள்: வாங்கலாமா, வேண்டாமா?

ஜேடு என்ற நகைக் கல்லைச் சோதிக்க, இணையக் கடைகளில் 'ஜேடு டெஸ்ட் கிட்' என்று விற்கும் பொட்டலத்தைப் பிரித்தால் பெரும்பாலும் இவைதான் இருக்கும்: மடக்கு லென்ஸ் ஒன்று, ஊதா வெளிச்சம் அடிக்கும் சின்ன டார்ச், சிலவற்றில் கூடுதலாக ஒரு செல்சி ஃபில்டர் (நிறத்தை வடிகட்டிக் காட்டும் கண்ணாடி). கல் அசலா சாயமா என்று ஐந்தே நிமிடத்தில் தெரிந்துவிடும் என்று அட்டையில் போட்டிருப்பார்கள். தெரியாது. இந்த வேலைக்கு முதலில் வேண்டிய பொருள் அந்தப் பொட்டலத்திலேயே கிடையாது. அது 0.01 கிராம் வரை காட்டும் ஒரு டிஜிட்டல் தராசு.

கருவிகளைப் பார்க்கும் முன், எதைக் கண்டுபிடிக்கப் போகிறோம் என்பதைப் பிரித்துக்கொள்ள வேண்டும். கேள்வி இரண்டு. கையில் இருப்பது ஜேடுதானா? ஜேடு என்றால், அதை என்ன செய்திருக்கிறார்கள்?

ஜேடு என்ற ஒரே பெயரில் இரண்டு கற்கள் வலம் வருகின்றன. மியன்மாரின் ஃபாக்கான் சுரங்கங்களிலிருந்து வரும் விலை உயர்ந்த கல் ஜேடைட். சீனத்தின் ஹோதான், கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா, நியூசிலாந்து ஆகிய இடங்களில் கிடைப்பது நெஃப்ரைட். இரண்டும் வெவ்வேறு கனிமங்கள் என்று பிரெஞ்சு வேதியியலாளர் டாமூர் 1863இல் காட்டினார். இவை தவிர, ஜேடு பெயரை ஒட்டவைத்துக்கொண்ட வேறு கற்கள் ஒரு பட்டாளமே உண்டு. 'மலேசியா ஜேடு' சாயம் ஏற்றிய குவார்ட்சைட். 'நியூ ஜேடு' செர்பென்டைன். 'டிரான்ஸ்வால் ஜேடு' ஒரு வகை கார்னெட். நம் ஊர்க் கடைகளில் அதிகம் புழங்கும் 'இந்தியன் ஜேடு' அவென்சரின், அதுவும் குவார்ட்ஸ் குடும்பம்தான். இவற்றில் பல அழகான கற்கள். ஜேடு விலை சொல்லாதவரை அவற்றின் மேல் குற்றம் இல்லை.

இனி இரண்டாவது கேள்வி. ஜேடு வணிகத்தில் அதற்கு ஏ, பி, சி என்று வகை சொல்வார்கள். இது தர வரிசை இல்லை. கல்லுக்கு என்ன செய்தார்கள் என்பதைச் சொல்லும் வகைப்பாடு. அறுத்து, மெருகேற்றி, நிறமில்லாத மெழுகு தடவியதோடு நிறுத்தினால் ஏ. அமிலத்தில் ஊறவைத்துக் கறை நீக்கி, ரெசின் (செயற்கைப் பிசின்) ஏற்றினால் பி. சாயம் ஏற்றினால் சி. இரண்டும் சேர்ந்தால் பி+சி. மங்கிய சாம்பல் நிறத்தில் ஒன்றுக்கும் ஆகாத கல்லும், கை வைக்காமல் விட்டால் ஏ வகைதான். ஆகவே 'டிரிபிள் ஏ கிரேடு' என்று எழுதி விற்பவர் எதையும் உறுதி சொல்லவில்லை. 'இது ஏ வகை, ரெசினும் சாயமும் இல்லை' என்று பில்லில் எழுதித் தருவாரா என்று கேட்டுப் பாருங்கள்.

தராசு: முதலில் இதை வாங்குங்கள்

தராசு சொல்வது கல்லின் ஒப்படர்த்தியை, அதாவது அதே அளவு தண்ணீரைவிடக் கல் எத்தனை மடங்கு கனம் என்பதை. ஜேடைட் 3.34ஐ ஒட்டி வரும். நெஃப்ரைட் 2.95. குவார்ட்சைட்டும் அவென்சரினும் 2.65 பக்கம். செர்பென்டைன் 2.57 அளவில். டிரான்ஸ்வால் கல் 3.4க்கு மேல். எண்களுக்கு இடையே இவ்வளவு இடைவெளி இருப்பதால், போலிகளில் பெரும்பாலானவை இந்த ஒரு சோதனையிலேயே கழன்றுவிடும்.

செய்முறை எளிது. கல்லை முதலில் காய்ந்த நிலையில் எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து, தண்ணீர் ஊற்றிய பாத்திரத்தைத் தராசின் மேல் வைத்து, எண்ணைப் பூஜ்யமாக்குங்கள். கல்லை மெல்லிய நைலான் இழையில் கட்டி, முழுக்க மூழ்கும்படி, அடியையும் பக்கங்களையும் தொடாமல் தொங்கவிடுங்கள். தராசு இப்போது காட்டும் எண்ணால் காய்ந்த எடையை வகுத்தால் விடை. ஒரு வளையல் 52.40 கிராம், தண்ணீரில் தொங்கும்போது தராசு 15.69 காட்டுகிறது என்றால், 52.40 ÷ 15.69 = 3.34. ஜேடைட்டுக்கு உரிய எண்.

பலர் சறுக்குவது தராசின் கொள்ளளவில். 100 கிராம், 200 கிராம் தாங்கும் பாக்கெட் தராசு மோதிரக் கல்லுக்குப் போதும். வளையல் மூழ்கும் அகலத்துக்குப் பாத்திரம் வைத்துத் தண்ணீர் ஊற்றினாலே அது 200ஐத் தாண்டி, தராசு பிழை காட்டி நின்றுவிடும். 500 கிராம் தாங்கி 0.01 வரை காட்டுவதைக் கேட்டு வாங்குங்கள். 0.1 வரை மட்டும் காட்டும் சமையலறைத் தராசு சிறிய கல்லுக்கு உதவாது.

அடுத்த எதிரி காற்றுக் குமிழி. 3 மில்லிமீட்டர் குமிழி ஒன்று ஒட்டியிருந்தாலே எண்ணில் 0.014 கிராம் கூடிவிடும். வளையலில் அது தெரியாது. 4 கிராம் டாலரில் தெரியும்: 1.20 காட்ட வேண்டிய இடத்தில் 1.22 காட்டினால் விடை 3.33இலிருந்து 3.28க்கு இறங்கிவிடும். பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டு, கல்லை முக்கி ஒருமுறை ஆட்டினால் குமிழி விட்டுவிடும். 2 கிராமுக்குக் குறைந்த கல்லில் இந்த முறையை நம்பாதீர்கள். தங்கத்தில் பதித்த கல்லுக்கும் இது பொருந்தாது, தங்கத்தின் கனம் கணக்கைக் கெடுத்துவிடும். கை பழக, ஒரு ஸ்படிகத் துண்டைச் சோதித்துப் பாருங்கள். 2.65 வந்தால் உங்கள் முறை சரி.

தராசுக்கும் எல்லை உண்டு. ரெசின் ஏற்றிய பி வகையில் எண் லேசாக இறங்கும், ஆனால் இயற்கைக் கல்லிலேயே எண் சற்று ஏறி இறங்குவதால் அதை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. சாயம் கனத்தை மாற்றாது. முதல் கேள்விக்கு மட்டும்தான் தராசு பதில் சொல்லும்.

லென்ஸ்: எண்ணைப் பார்த்து ஏமாற வேண்டாம்

10 மடங்கு லென்ஸ் போதும். 'டிரிப்லெட்', அதாவது மூன்று கண்ணாடி ஒட்டியதாக இருந்தால் ஓரங்களில் வானவில் நிறம் அடிக்காது. மலிவு லென்ஸ்களில் 30 மடங்கு, 40 மடங்கு என்று பொறித்திருப்பது வெறும் பொறிப்பு. உண்மையான 30 மடங்கு லென்ஸ் என்றால் கல்லை 8 மில்லிமீட்டர் தூரத்துக்குக் கொண்டுபோனால்தான் தெளியும். உங்களுடையதில் ஓர் அங்குலத்திலேயே தெளிகிறது என்றால் அது 10 மடங்குதான். அது கெட்ட செய்தி இல்லை, நமக்கு வேண்டியதே அதுதான்.

லென்ஸில் எதைத் தேடுவது என்பதற்கு பி வகை தயாராகும் விதம் தெரிந்திருக்க வேண்டும். ஜேடைட் என்பது பொடிப்பொடியான படிகங்கள் ஒன்றோடொன்று பின்னிய கல். படிகங்களுக்கு இடையே இரும்புக் கறை பழுப்பாகப் படிந்திருக்கும். அமிலம் அந்தக் கறையோடு படிகங்களின் பிணைப்பையும் அரித்துவிடும். கல் வெளுத்துப் பொருபொருவென்று ஆகும். அந்த இடைவெளிகளை ரெசின் நிரப்பியதும் திடீரென்று கண்ணாடி போல் துலங்கும். வாங்கும்போது கண்ணைப் பறிப்பது அந்தத் துலக்கம்தான். சில ஆண்டுகளில் ரெசின் மஞ்சளித்து மங்கும். ஆசாரியின் ஊதுகுழல் சூட்டில் கருகும். பிணைப்பு போன வளையல் சின்ன இடிக்கே உடையும்.

எனவே கல்லின் உள்ளே பார்ப்பதற்கு முன் மேற்பரப்பைப் பாருங்கள். டியூப் லைட்டின் வெள்ளைப் பிரதிபலிப்பு கல்லின் மேல் விழும்படி சாய்த்து, அந்த வெள்ளைக் கோட்டின் ஓரத்தில் லென்ஸை வையுங்கள். இயற்கைக் கல்லில் பரப்பு வழுவழுப்பாக இருக்கும், அல்லது ஆரஞ்சுத் தோல் போல வழவழப்பான சிறு பள்ளங்கள் தெரியும். அது மெருகேற்றும்போது வருவது, குறை இல்லை. அமிலம் பட்ட கல்லில் பள்ளங்களுக்குப் பதில் வெடிப்பு வலை தெரியும், வற்றிய குளத்துச் சேறு காய்ந்து பிளந்தாற்போல. நன்றாக மெருகிட்ட புதிய பி கற்களில் இந்த வலை தெரியாமலும் போகலாம். வலை இருந்தால் சந்தேகம் உறுதி. இல்லாவிட்டால் கல் தப்பித்தது என்று பொருள் இல்லை.

சாயத்தைப் பிடிப்பதில் லென்ஸ் கெட்டிக்காரன். கல்லின் பின்னால் சாதாரண வெள்ளை டார்ச் அடித்துப் பாருங்கள். இயற்கைப் பச்சை ஓரிடத்தில் அடர்ந்து, அங்கிருந்து மெல்லக் கரைந்து வெள்ளையில் கலக்கும். படிகத்துக்கே நிறம் இருக்கும். சாயப் பச்சை வெடிப்புகளுக்குள் மசி இறங்கியதுபோல் நரம்பு நரம்பாக நிற்கும், படிகம் வெளுத்தே இருக்கும். மணி மாலை என்றால் நூல் கோர்க்கும் துளையின் விளிம்பைப் பாருங்கள். சாயம் அங்கே தேங்கும்.

யூவி டார்ச், செல்சி ஃபில்டர்

டார்ச் வாங்கினால் 365 நானோமீட்டர் என்று போட்டு, முன்புறம் கறுப்புக் கண்ணாடி உள்ளதை வாங்குங்கள். கிட்டில் வருவது பெரும்பாலும் 395. அதன் ஊதா வெளிச்சமே கல்லை மூடிவிடும், கல் ஒளிர்கிறதா என்பது தெரியாது. இருட்டறையில் கல் முழுவதும் ஒரே சீராகப் பால்நீலமாக ஒளிர்ந்தால் ரெசின் இருக்க வாய்ப்பு அதிகம். வெடிப்புக் கோடுகளில் மட்டும் மங்கலாகத் தெரிந்தால் அது மெழுகாக இருக்கலாம். ஒளிராத ரெசின்களும் புழக்கத்தில் இருப்பதால், ஒளிராத கல்லை நல்ல கல் என்று எழுதிக்கொள்ள வேண்டாம். டார்ச்சைக் கண்ணுக்கு நேராகப் பிடிக்கவும் கூடாது.

செல்சி ஃபில்டர் 1934இல் மரகதத்துக்காக லண்டனில் உருவானது. பழைய வகைச் சாயப் பச்சை சில இதன் வழியே சிவந்து தெரியும், இன்றைய சாயங்கள் பல தெரியாது. அவென்சரினும் டிரான்ஸ்வால் கல்லும் சாயமே இல்லாமல் சிவக்கும். எல்இடி வெளிச்சத்தில் சிவப்புக் குறைவு, அதனால் பழைய குண்டு பல்பு வேறு தேட வேண்டும். ஜேடுக்காக மட்டும் என்றால் இந்தச் செலவு வேண்டாம்.

வளையலை நூலில் தொங்கவிட்டுத் தட்டிப் பார்ப்பது இலவசம். ஏ வகை கணீரென்று ஒலிக்கும், பி வகை சத்தம் அமுங்கும். ஆனால் கீறல் விட்ட ஏ வளையலும் அமுங்கித்தான் ஒலிக்கும். முடியைச் சுற்றி நெருப்புக் காட்டுவதை விட்டுவிடுங்கள், சூட்டை இழுக்கும் எந்தக் கல்லிலும் முடி சட்டென்று கருகாது. கண்ணாடியைக் கீறிப் பார்ப்பதும் வீண், குவார்ட்சைட்டும் கீறும். பழுக்கக் காய்ச்சிய ஊசியை வைத்தால் ரெசின் கருகும் என்பது உண்மை. வடு கல்லில் தங்கிவிடும், கடைக்காரர் திருப்பி எடுக்கமாட்டார்.

பரிசோதனைக்கூடச் சான்று

பி வகையைத் தீர்மானமாகச் சொல்வது அகச்சிவப்பு நிறமாலைக் கருவி. ரெசினுக்கு அதில் தனிக் கையொப்பம் உண்டு, மெழுகினுடையதிலிருந்து பிரித்தறியலாம். விலை உயர்ந்த வளையலுக்கு இந்தக் கட்டணத்தில் மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள். கல்லைக் கொடுக்கும் முன், அகச்சிவப்புச் சோதனை செய்வார்களா என்று கேளுங்கள். ஒப்படர்த்தியையும் ஒளிவிலகலையும் மட்டும் பார்த்து 'ஜேடைட்' என்று எழுதும் சான்று, நம் முதல் கேள்விக்கு மட்டுமே விடை. 'பதப்படுத்தியதற்கான அறிகுறி இல்லை' என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். ஹாங்காங் சான்றுகளில் ஜேடைட்டுக்குப் பதில் 'ஃபெய் சுயி' என்ற பெயர் இருக்கும். அந்தச் சொல் ஜேடைட்டோடு அதன் நெருங்கிய உறவுக் கனிமங்கள் இரண்டையும் சேர்த்துக் குறிக்கிறது, பயப்பட வேண்டாம்.

சீனத்திலிருந்து கல்லோடு வரும் அட்டையில் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குள் இரண்டு எழுத்து இருந்தால் கவனியுங்கள். 'பதப்படுத்தியது' என்ற பொருள்படும் அந்தச் சீனச் சொல் நம் காதுக்கு ஏறக்குறைய 'சூலி' (கர்ப்பிணி) என்று கேட்கும். வயிற்றில் ரெசின் சுமக்கும் கல்லுக்குப் பொருத்தமான பெயர்தான். அந்த எழுத்து இல்லாவிட்டாலும், அட்டையின் எண்ணைப் பரிசோதனைக்கூடத்தின் தளத்தில் தட்டி, எடையும் படமும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். எடையைச் சரிபார்க்கத்தான் வீட்டில் தராசு இருக்கிறதே. நல்ல கல்லின் அட்டையை வேறொரு கல்லோடு சேர்த்து விற்றிருந்தால், 0.01 கிராம் வரை காட்டும் தராசில் அது பெரும்பாலும் மாட்டிக்கொள்ளும்.