"கோபமா டீச்சர்?": போடாக்ஸும் ஃபில்லரும் போட்டுக்கொண்ட என் அனுபவம்

திருச்சியில் காதுகேளாத பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் 26 வருடமாக டீச்சராக இருக்கிறேன். வயது 51. எங்கள் வகுப்பில் பாதிப் பாடம் கையில் நடக்கும், மீதி முகத்தில். "நாளைக்கு லீவு" என்பதற்கும் "நாளைக்கு லீவா?" என்பதற்கும் கை ஒரே மாதிரிதான் அசையும். புருவம் மேலே ஏறினால் அது கேள்வி. "ஏன்", "எங்கே" என்று கேட்கும்போது புருவத்தைச் சுருக்குவேன். இத்தனை வருடம் சுருக்கிச் சுருக்கி, இரண்டு புருவத்துக்கும் நடுவே 11 என்று எழுதியதுபோல இரண்டு கோடு ஆழமாக விழுந்துவிட்டது. பள்ளியில் என் பெயர்ச் சைகையே அதுதான்: இரண்டு விரலைப் புருவ நடுவில் வைத்தால் நான். பழைய மாணவர்கள் யாரோ வைத்த பெயர், அப்படியே தங்கிவிட்டது.

போன வருடம் ஜூனில் மூன்றாம் வகுப்பில் ஒரு சின்னப் பெண் புதிதாகச் சேர்ந்தாள். நான் நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தபோது எதிரில் வந்து நின்று "கோபமா?" என்று சைகையில் கேட்டாள். இல்லை என்றேன். மறுநாளும் கேட்டாள். அதற்கு மறுநாளும். காது கேட்கிற பிள்ளை குரலை வைத்துத் தெரிந்துகொள்ளும். இவளுக்கு என் முகம்தான் குரல். சும்மா உட்கார்ந்திருக்கும்போதுகூட அந்தக் குரல் அதட்டிக்கொண்டே இருக்கிறது என்றால் நான் ஏதாவது செய்ய வேண்டும். அப்படித்தான் சதையைத் தளர்த்திக் கோட்டை மறைக்கிற போடாக்ஸ் ஊசிக்குப் போனேன். இந்த வயதில் இதெல்லாம் தேவையா என்று கேட்கிறவர்களுக்கு என் பதில் இதுதான்.

முதலில் போன இடத்தில் ஏமாந்தேன். பெரிய அழகு கிளினிக், பெயர் வேண்டாம். காலாண்டு லீவில் போனேன். பேசியது டாக்டர் இல்லை, கவுன்சிலர் என்று ஒரு பெண். "நெத்தி, புருவ நடு, கண்ணோரம், மூணு ஏரியாவும் சேர்த்துப் போட்டா 24 ஆயிரம் மேடம், தனியா போட்டா கட்டுபடியாகாது" என்றாள். நான் என்ன வேலை செய்கிறேன் என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. டாக்டர் வந்தார், பத்தே நிமிடத்தில் போட்டுவிட்டுப் போனார். மருந்துக் குப்பியைக் கண்ணால் பார்க்கவில்லை. பில்லில் "அப்பர் ஃபேஸ்" என்று ஒரு வரி. எந்தக் கம்பெனி மருந்து, எத்தனை யூனிட் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்காதது என் தப்புதான். அதனால்தான் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன்.

நாலாம் நாள் பிடிக்க ஆரம்பித்து, இரண்டு வாரத்தில் நெற்றி வழவழவென்று ஆகிவிட்டது. பக்கத்து வீட்டு அக்கா பத்து வயசு குறைந்துவிட்டது என்றார். பள்ளி திறந்தது. "நாளைக்கு நோட்டு கொண்டுவருவீர்களா?" என்று கேட்டேன், பிள்ளைகள் கட்டளை என்று எடுத்துக்கொண்டார்கள். வெள்ளிக்கிழமை "நாளைக்கு லீவா?" என்று கேலண்டரைக் காட்டிக் கேட்டேன். லீவு என்று சொல்லிவிட்டதாக நினைத்துக் கை தட்டினார்கள். அந்தச் சனிக்கிழமை பள்ளி இருந்தது, நாலு பிள்ளைகள் வரவில்லை. புருவத்தைத் தூக்கிப் பார்த்தேன். மேலே போகவே இல்லை. சாயங்காலமானால் இமை கனத்துக் கண் பாதி மூடினாற்போல் இருக்கும். அந்தச் சின்னப் பெண் கோபமா என்று கேட்பதை நிறுத்திவிட்டாள், அது உண்மை. ஆனால் என் முகத்தைப் பார்ப்பதையும் நிறுத்திவிட்டாள். பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து எழுத ஆரம்பித்தாள்.

கிளினிக்குக்கு போன் செய்தால் "செட் ஆயிடும் மேடம்" என்ற பதில்தான். இந்த ஊசியின் வேலையை உடனே முறிக்க மருந்து கிடையாது. நரம்பு சதைக்குச் செய்தி அனுப்புகிற இடத்தில், அசிட்டைல்கோலின் என்ற பொருள் வெளியே வராமல் இது தடுத்துவிடுகிறது. செய்தி போகாததால் சதை சுருங்காது. நரம்பு தானாக மீண்டு வர மூன்று, நாலு மாதம் ஆகும். அக்டோபர், நவம்பர், டிசம்பர், அரையாண்டுப் பரீட்சை எல்லாம் அந்த முகத்தோடுதான் போனது. கேள்வி கேட்க வேண்டிய இடத்தில் எல்லாம் தலையை முன்னால் நீட்டி, கண்ணை அகல விரித்துச் சமாளித்தேன்.

இனிமேல் வேண்டவே வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஜனவரியில் கோடு திரும்ப வந்ததும் அந்தச் சின்னப் பெண் மறுபடி "கோபமா?" என்றாள். பிப்ரவரியில் தில்லைநகரில் தனியாக கிளினிக் வைத்திருக்கும் ஒரு தோல் டாக்டரம்மாவிடம் போனேன். போர்டில் எம்.டி., டி.வி.எல். என்று இருந்தது, தோல் வைத்தியத்தில் மேற்படிப்பு. கன்சல்டேஷன் 600 ரூபாய். முக்கால் மணி நேரம் பேசினார். முதல் கேள்வியே "என்ன வேலை பாக்கறீங்க?" சொன்னேன். கண்ணாடியை என் கையில் கொடுத்து, "வகுப்புல பேசற மாதிரி பேசுங்க டீச்சர்" என்றார். கேள்வி கேட்டேன், அதட்டினேன், கதை சொன்னேன். ஒரு வெள்ளைப் பென்சிலால் சதை எங்கே மடிகிறது என்று புள்ளி வைத்துக்கொண்டே வந்தார்.

அப்புறம்தான் போன தடவை என்ன நடந்தது என்று விளங்கியது. புருவத்தைச் சுருக்குகிற சதை வேறு, தூக்குகிற சதை வேறு. தூக்குவது நெற்றி முழுக்க இருக்கிற அகலமான சதை. எனக்கு மேல் இமைத் தோல் கொஞ்சம் தளர்ந்திருக்கிறது, அதை நெற்றிச் சதைதான் இத்தனை நாளும் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறது. அதைப் படுக்கவைத்ததும் புருவம் இறங்கிவிட்டது, இமையும் கனத்துவிட்டது. "உங்க நெத்தியில நான் ஒரு சொட்டுகூடப் போட மாட்டேன்" என்றார் டாக்டரம்மா.

புருவ நடுவுக்கு வழக்கமான அளவு போடாக்ஸில் 20 யூனிட், ஐந்து இடத்தில் நாலு நாலாக. எனக்கு அதே ஐந்து இடத்தில் மொத்தம் 12. கோடு முழுதாகப் போகாது, சும்மா இருக்கும்போது தெரியாது, சுருக்கினால் கொஞ்சம் வரும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். எனக்கு வேண்டியதும் அதுதானே! ஃபிரிட்ஜிலிருந்து குப்பியை எடுத்து, சீலையும் தேதியையும் காட்டி, என் கண் முன்னாலேயே சலைன் கலந்தார். பேட்ச் ஸ்டிக்கரை என் ஃபைலில் ஒட்டினார். வேறு கம்பெனி மருந்தானால் யூனிட் கணக்கே வேறு. டிஸ்போர்ட்டில் இதே இடத்துக்கு வழக்கம் 50 யூனிட். அதனால் "அங்கே 50 யூனிட் போட்டாங்க, இங்கே 20தான்" என்று எண்ணை மட்டும் வைத்து ஒப்பிடாதீர்கள்.

வலி? கட்டெறும்பு கடித்தாற்போல ஐந்து தரம். நாலு மணி நேரம் படுக்கக் கூடாது, போட்ட இடத்தைத் தேய்க்கக் கூடாது. சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஸ்ரீரங்கத்துக்கு நின்றுகொண்டே வந்துவிட்டேன். யூனிட்டுக்கு 350 வீதம் 4,200, அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி 756, ஆக 4,956 ரூபாய். முன்பு கொடுத்ததில் கால் பங்குகூட வரவில்லை.

இந்த மருந்து முதலில் மாறுகண்ணுக்குத்தான் பயன்பட்டது என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன். 1989இல் மாறுகண்ணுக்கும் இமைத் துடிப்புக்கும் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. கனடாவில் வான்கூவரில் ஜீன் கருதர்ஸ் என்ற கண் டாக்டரிடம் இமைத் துடிப்புக்கு ஊசி போட வந்த ஓர் அம்மா, புருவ நடுக் கோடும் மறைகிறது என்று கவனித்துச் சொல்லியிருக்கிறார். ஜீனும் அவர் கணவர், தோல் டாக்டர் அலஸ்டர் கருதர்ஸும் அதை ஆராய்ந்து 1992இல் கட்டுரை எழுதினார்கள். புருவ நடுக் கோட்டுக்கென்றே அனுமதி வந்தது 2002இல். வந்த நோயாளி சொன்னதைக் காதுகொடுத்துக் கேட்டதால் கிடைத்த வைத்தியம். எனக்கு அந்தக் கதை ரொம்பப் பிடித்தது.

ஃபில்லரையும் சொல்ல வேண்டும். போடாக்ஸும் ஃபில்லரும் ஒன்று என்றே நான் நினைத்திருந்தேன். அசைவால் விழுகிற கோட்டுக்கு போடாக்ஸ். உள்ளே கொழுப்பு குறைந்து குழி விழுந்த இடத்தை நிரப்ப ஃபில்லர். பெரும்பாலும் ஹயலூரானிக் அமிலம், ஜெல் மாதிரி, ஒரு மில்லி சிரிஞ்சில் வருகிறது. பழைய கிளினிக்கின் கவுன்சிலர் என் புருவ நடுக் கோட்டிலும் ஃபில்லர் வைக்கலாம் என்று சொல்லியிருந்தாள். டாக்டரம்மா அதைக் கேட்டதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அந்த இடத்து ரத்தக் குழாய் கண்ணுக்குப் போகிற குழாயோடு தொடர்புள்ளது. ஜெல் உள்ளே போய் அடைத்தால் பார்வை போகலாம். அபூர்வம்தான், ஆனால் நடந்திருக்கிறது. பார்வையும் போனால் நானும் என் பிள்ளைகளும் எப்படிப் பேசிக்கொள்வது? அன்று வீட்டுக்கு வந்தும் கை நடுங்கியது.

மே லீவில் கன்னத்துக்கு மட்டும் ஒரு மில்லி, இரண்டு பக்கமும் பிரித்து வைத்துக்கொண்டேன். 26,000, ஜிஎஸ்டியோடு 30,680. எனக்கு அது பெரிய பணம். ரத்தம் கட்டாமல் இருக்க மீன் எண்ணெய் மாத்திரையை ஒரு வாரம் முன்பே நிறுத்தச் சொன்னார்கள், அப்படியும் இடது கன்னத்தில் எட்டு நாள் நீலம் பாரித்திருந்தது. நாத்தனார் மகள் நிச்சயதார்த்தத்தில் எல்லோரும் விசாரித்தார்கள். இப்போது களைப்பான தோற்றம் குறைந்திருக்கிறது. ஆனால் அவசியமா என்று கேட்டால், எனக்கு இல்லை. ஒரு வருடம்போலத் தாங்கும் என்கிறார்கள், மறுபடி போடுவதாக இல்லை. புருவ நடு ஊசி வேலைக்காக, கன்னம் ஆசைக்காக.

ஃபில்லர் போடுவதானால் கரைக்கிற மருந்து, ஹயலூரானிடேஸ், அங்கே கையிருப்பில் இருக்கிறதா என்று கேளுங்கள். எனக்குக் காட்டினார்கள். தோல் வெளுத்தாலோ, வலி ஏறிக்கொண்டே போனாலோ, பார்வை மங்கினாலோ காத்திருக்காமல் உடனே ஓடி வரச் சொன்னார்கள். ஹயலூரானிக் அமிலத்துக்குத்தான் இந்தக் கரைக்கிற வசதி. ரேடியஸ், ஸ்கல்ப்ட்ரா போல கொலாஜனைத் தூண்டுகிற ஊசிகளும் இருக்கின்றன, கூடுதல் நாள் தாங்கும், ஆனால் அவற்றை இப்படிக் கரைக்க முடியாது. ஒரு தடவை மூன்று மாதம் மாட்டிக்கொண்டு தவித்தவளுக்கு, திரும்பி வர வழி இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. விலை அப்புறம்தான்.

உதட்டைத் தொடவே விடவில்லை. மேலுதட்டில் சின்னச் சின்னக் கோடுகள் இருக்கின்றன, அதற்கும் போடாக்ஸ் உண்டாம். உதடு கொஞ்சம் தளர்ந்தாலும் ப, ம சொல்லும்போது சரியாக மூடாது. எங்கள் பிள்ளைகளுக்கு அந்த இரண்டும் ஏற்கெனவே சிரமம். படம், மடம் இரண்டும் உதட்டில் ஒரே மாதிரி இருக்கும். மூக்கில் விரல் வைத்து அதிர்வைப் பார்த்துத்தான் பிரிக்கக் கற்றுக்கொடுக்கிறேன். அந்தக் கோடுகள் இருந்துவிட்டுப் போகட்டும்.

கர்ப்பிணிகளும் பால் கொடுக்கிறவர்களும் மயஸ்தீனியா போன்ற தசைத் தளர்ச்சி நோய் உள்ளவர்களும் போடாக்ஸ் பக்கம் போக வேண்டாம். சாப்பிடும் மாத்திரை எல்லாவற்றையும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

ஜூன் மாதம் பள்ளி திறந்த வாரத்தில் இரண்டாவது முறை அதே 12 யூனிட் போட்டுக்கொண்டேன். அந்தச் சின்னப் பெண் இப்போது நாலாம் வகுப்பு, முதல் வரிசை, என் முகத்தைப் பார்த்துத்தான் எழுதுகிறாள். போன வாரம் புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் மற்றவர்கள் எனக்குச் சொல்கிற சைகையைப் பார்த்துவிட்டு, இரண்டு விரலைத் தன் புருவ நடுவில் வைத்து, "ஏன் இந்தப் பெயர்?" என்று கேட்டான். புருவத்தைச் சுருக்கிக் காட்டினேன். கோடு இரண்டும் லேசாக வந்தன. எட்டித் தொட்டுப் பார்த்துவிட்டு, தலையை ஆட்டிக்கொண்டு ஓடிவிட்டான்.