கேரம் போர்டு: நாலு பேர் எழுந்து போகாமல் இருக்க எது வாங்கலாம்?

கடைகளில் 'ஃபேமிலி சைஸ்' என்று தள்ளிவிடும் 26 அங்குல போர்டு விலை குறைவு, மாடிப்படி ஏற்றுவதும் சுலபம். ஆனால் நாலு பெரியவர்கள் உட்கார்ந்தால் முழங்கால் இடிக்கும், ஸ்ட்ரைக்கரை இழுக்கும் கை பக்கத்து ஆள் மேல் படும். அரை மணியில் ஒருவர் போனை எடுத்துவிடுவார். ஆட்களைக் கூட்டி வைக்கத்தான் போர்டு என்றால் முழு அளவுதான் சரி.

1988-ல் சென்னையில் தொடங்கிய சர்வதேச கேரம் சம்மேளனத்தின் விதிப்படி ஆடும் பரப்பு 73.5 முதல் 74 செ.மீ. சதுரம், பலகை குறைந்தது 8 மி.மீ. கனம். வீட்டுக்கு அந்த 8 மி.மீ. போதும். 12 மி.மீ. நன்றாக இருக்கும், தூக்க ரெண்டு ஆள் வேண்டும். 4 மி.மீ. பிளைவுட் பக்கமே போகாதீர்கள். ஒரு மழைக்காலத்தில் நடுவில் தொப்பை விழும், மெதுவாக விட்ட காய் தானாக நடுவுக்கு நகரும். பிறகு ஒவ்வொரு தோல்விக்கும் "போர்டு சாய்ஞ்சிருக்கு" என்ற சண்டைதான்.

கடையிலேயே சோதிக்கலாம். துளி பவுடர் தூவி, ஸ்ட்ரைக்கரை எதிர்ச் சட்டத்தை நோக்கி முழு வேகத்தில் அடியுங்கள். போய்த் திரும்பி மூன்றரை முறையாவது ஓட வேண்டும். அடுத்து, சட்டமும் பலகையும் சேரும் இடுக்கில் விசிட்டிங் கார்டு நுழைகிறதா பாருங்கள். நுழைந்தால் பவுடர் அங்கே அடைந்து, சட்டத்தை ஒட்டிய காய் நகராது.

கூடவே தரும் பிளாஸ்டிக் காய்களைக் குழந்தைகளிடம் கொடுத்துவிட்டு மரக்காய் தனியாக வாங்குங்கள். ஒன்று 5 முதல் 5.5 கிராம் இருக்கும். ஸ்ட்ரைக்கர் 15 கிராமைத் தாண்டக்கூடாது. முகப்பவுடர் வேண்டாம், வியர்வையோடு சேர்ந்து பிசுபிசுக்கும். மைதா போட்டால் எறும்பு. போரிக் பவுடர்தான் சரி, அதுவும் ஒரு சிட்டிகை. சின்னக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள், வாயில் போட்டால் ஆபத்து. ஈரத்துணியால் துடைக்கவே கூடாது. சுவரில் சாய்த்து வைத்தாலும் பலகை வளையும். கட்டிலுக்கு அடியில் படுக்க வையுங்கள்.

ஸ்டாண்டு அவசியம். 63 முதல் 70 செ.மீ. உயரம் இருந்தால் நாற்காலியில் உட்கார்ந்து ஆடலாம். தரையில் போட்டால் முட்டிவலிக்காரர்கள் வேடிக்கை பார்ப்பதோடு சரி.

ஜோடி சேர்ப்பதிலும் ஒரு கணக்கு உண்டு. எதிரெதிரே உட்காருபவர்கள்தான் கூட்டாளிகள். நன்றாக ஆடும் இருவர் ஒரே ஜோடியானால் ரெண்டாவது ஆட்டத்திலேயே மற்றவர்களுக்குக் கொட்டாவி வரும்; தேர்ந்தவருக்கு எதிரே புதியவரை உட்கார வையுங்கள். ரெட்டுக்கு (சிவப்புக் காய்) ஃபாலோ, அதாவது அதை உறுதிசெய்யும் இன்னொரு காயை, உடனே போட வேண்டுமா, ஃபைனுக்கு (தப்புக்கு அபராதம்) எத்தனை காய் என்பதை முதல் அடிக்கு முன்பே பேசி முடித்துவிடுங்கள். ஊருக்கு ஊர் இது மாறும்.

காசு மிச்சமிருந்தால் இன்னொரு செட் காய் வாங்கிப் போடுங்கள். முதலில் தொலைவது எப்போதும் ரெட்தான்.