ஸ்டூடன்ட்டா, வெல்ச்சா, மான்–விட்னியா?

தரவு இயல்நிலைப் பரவலில் (சராசரியின் இருபுறமும் சமச்சீராக, மணி வடிவில்) இருந்தால் சராசரிகளை ஒப்பிடும் டி சோதனை, இல்லாவிட்டால் மதிப்புகளைத் தரவரிசைப்படுத்தி ஒப்பிடும் மான்–விட்னி. இரண்டு குழுக்களை ஒப்பிடப் பலரும் மனப்பாடமாக வைத்திருக்கும் விதி இது. இதை நான் ஏற்பதில்லை.

டி சோதனை என்ற பெயரில் இரண்டு இருக்கின்றன. மது ஆலையில் பணியாற்றிய காசெட் 1908இல் ‘ஸ்டூடன்ட்’ என்ற புனைபெயரில் எழுதிய கட்டுரையின் வழிவந்தது ஒன்று. இரு குழுக்களின் மாறுபாடும் (மதிப்புகள் எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பது) சமம் என்று அது எடுத்துக்கொள்கிறது. 1947இல் வெல்ச் தந்த வடிவத்துக்கு அந்த அனுமானம் தேவையில்லை.

போட்டுப் பார்ப்போம். ஒரு குழுவில் 10 பேர், திட்ட விலக்கம் (சிதறலின் அளவு) 4. மற்றதில் 40 பேர், திட்ட விலக்கம் 1. சராசரிகளின் வித்தியாசம் 2. ஸ்டூடன்ட் கணக்கில் திட்டப் பிழை (அந்த வித்தியாசத்தில் எதிர்பார்க்கக்கூடிய தடுமாற்றம்) 0.69, பி மதிப்பு (உண்மையில் வித்தியாசமே இல்லாதபோதும் இவ்வளவோ இதைவிடப் பெரிதாகவோ தற்செயலாக வரும் வாய்ப்பு) ஏறத்தாழ 0.006. வெல்ச் கணக்கில் திட்டப் பிழை 1.27, பி மதிப்பு 0.15. தரவு ஒன்றுதான்; 0.05க்குக் கீழே என்றால் வித்தியாசம் உண்டு என்ற வழக்கப்படி முடிவு தலைகீழ். சிறிய குழுவில் சிதறல் அதிகமாக இருக்கும்போது ஸ்டூடன்ட் இல்லாத வித்தியாசத்தை இருப்பதாகக் காட்டும். மாறுபாடுகள் சமமாகவே இருந்தாலும் வெல்ச்சால் இழப்பது மிகக் குறைவு. அதனால் எப்போதும் வெல்ச் என்பதே என் கட்சி. மாறுபாடுகள் சமமா என்று பார்க்கும் லெவீன் சோதனையைப் போட்டுவிட்டுத் தேர்ந்தெடுப்பதிலும் பயனில்லை; சிறிய மாதிரிகளில், அதாவது எச்சரிக்கை மிகவும் வேண்டிய இடத்தில்தான் அது கோட்டைவிடும். புள்ளியியலுக்கான ஆர் மொழி கேட்காமலே வெல்ச்சைத் தருகிறது. பைத்தானின் சைபை நூலகத்தில் நாம்தான் கேட்டு வாங்க வேண்டும்.

மான்–விட்னி டி சோதனைக்கு மாற்று அல்ல, அது கேட்கும் கேள்வியே வேறு. ஒரு குழுவிலிருந்து எடுத்த ஒருவரின் மதிப்பு மற்றக் குழுவில் ஒருவருடையதைவிடப் பெரிதாக இருக்கும் வாய்ப்பு அதிகமா என்று அது பார்க்கிறது. இடைநிலை அளவுகளை ஒப்பிடுகிறது என்று எழுதுவது இரு பரவல்களும் ஒரே வடிவில் இருந்தால் மட்டுமே பொருந்தும். வலி மதிப்பெண் போன்ற தரவரிசைத் தரவுக்கும், ஓரிரு அதீத மதிப்புகள் சராசரியை இழுத்துச் செல்லும் இடத்துக்கும் இது அருமையான கருவி. இயல்நிலைத் தரவிலும் பெரிய மாதிரிகளில் டி சோதனையின் திறனில் ஏறக்குறைய 95% இதற்கு உண்டு. ஆனால் சிகிச்சைச் செலவை ஒப்பிட்டு நிதி ஒதுக்க வேண்டுமென்றால் தேவைப்படுவது சராசரி. பரவல் எவ்வளவு கோணலாக இருந்தாலும் தரவரிசை சராசரியைச் சொல்லாது. குழுவுக்கு மூன்று பேர்தான் என்றால், எத்தனை பெரிய வித்தியாசம் இருந்தாலும் இதன் இருமுனைப் பி மதிப்பு 0.10க்குக் கீழே இறங்கவே முடியாது.

ஒரே நோயாளிகளை மருந்துக்கு முன்னும் பின்னும் அளந்திருந்தால் இந்த மூன்றுமே வேண்டாம். ஒவ்வொருவரின் முன்–பின் வித்தியாசத்தைப் பார்க்கும் இணை டி சோதனை, அல்லது அந்த வித்தியாசங்களைத் தரவரிசைப்படுத்தும் வில்காக்சன் குறித்தரச் சோதனை. இணையைப் பிரித்துவிட்டால் ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டில் மருந்தின் விளைவு மூழ்கிவிடும்.

மூன்று குழுக்கள் என்றால் இரண்டிரண்டாக டி சோதனை போடாதீர்கள். இல்லாத வித்தியாசத்தை இருப்பதாகச் சொல்லும், 5% என்று நினைத்த பிழை வாய்ப்பு 10%ஐத் தாண்டிவிடும். எல்லாக் குழுச் சராசரிகளையும் ஒரே சோதனையில் ஒப்பிடும் வெல்ச்சின் அனோவா, அதன்பின் இணைவாரியாகப் பார்க்க கேம்ஸ்–ஹவல் சோதனை.