இரவு கண்காணிப்புக்குப் பணம் வாங்கினார்கள், கண்காணிக்க ஆள் இல்லை

கிருஷ்ணகிரியில் இரவிலும் திறந்திருக்கும் ஒரு தனியார் செல்லப்பிராணி மருத்துவமனை பற்றியது இது. பார்வோ என்ற வைரஸ் நோய் வந்த நாய்க்குட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்கள் படித்துவிட்டுப் போங்கள்.

பார்வோவைக் கண்டறியும் பரிசோதனை கிட் கையிருப்பில் இருக்கிறது, வாந்திக்கான ஊசியும் உடனே போட்டார்கள். அதுவரை சரி.

கோளாறு டிரிப்பில்தான். பார்வோவில் குட்டி சாவதற்கு நீரிழப்பு பெரிய காரணம். 5 கிலோ குட்டிக்கு 8 சதவீத நீரிழப்பு என்றால் 400 மி.லி. குறைகிறது, அன்றாடத் தேவை கிலோவுக்கு 60 மி.லி. வீதம் 300. ஆக ஒரு நாளைக்கு 700 மி.லி., வாந்தி பேதியில் போவது தனிக்கணக்கு. இங்கே மாட்டியது ஒரே ஒரு 500 மி.லி. பாட்டில். குட்டி காலை மடக்கியதும் ஊசிக்குழாய் அடைத்து, பாதியிலேயே நின்றுவிட்டது. விடியும்வரை யாரும் எட்டிப் பார்க்கவில்லை! பில்லில் மட்டும் 'இரவு கண்காணிப்பு' முழுக் கட்டணம். குட்டிகளுக்குச் சட்டென்று இறங்கும் ரத்தச் சர்க்கரையை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. எதையும் விழுங்கிய சந்தேகமே இல்லாத குட்டிக்கு எக்ஸ்ரே மட்டும் எடுத்தார்கள்.

முன்பணம் கட்டும் முன் கிட், ரத்தப் பரிசோதனை, டிரிப், படுக்கை என்று தனித்தனியாகத் தொகை எழுதி வாங்குங்கள். இரவில் யார் இருப்பார், எத்தனை மணிக்கு ஒருமுறை டிரிப்பைப் பார்ப்பார் என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் அங்கே படுக்க வைக்காதீர்கள்.

ஈறை அழுத்தி விட்டால் 2 விநாடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். தாமதமானால் உடனே கிளம்புங்கள். பகல் நேரமென்றால் முதலில் அரசு கால்நடை மருத்துவமனைக்கே போகலாம்.