நான்கு ஆண்டுகள் கழித்து: ஈயக் குண்டுகளும் என் மெட்டல் டிடெக்டரும்

சென்ற வாரம் தேடும் வட்டின் (coil) கேபிளை மாற்றிக்கொண்டு வந்த என் மெட்டல் டிடெக்டரைப் பார்த்த நண்பர் ஒருவர், பழைய துப்பாக்கிக் குண்டுகளைத் தேட இதையே தாமும் வாங்கலாமா என்று கேட்டார். இங்கிலாந்தின் நார்தாம்டன்ஷயரில், ஒரே விவசாயியின் நிலங்களில், அவருடைய எழுத்துமூல அனுமதியோடு நான்கு ஆண்டுகள் இதைச் சுமந்து நடந்திருக்கிறேன். ஆகவே விரிவாகவே சொல்கிறேன்.

நல்லதை முதலில் சொல்லிவிட வேண்டும். உழுத மண்ணில் ஒரு சாண் ஆழத்தில் கிடக்கும் மஸ்கெட் (பழைய நீள்துப்பாக்கி) குண்டுக்கு இது தெளிவாகக் குரல் கொடுக்கிறது. மழைக்குப் பின் ஈர மண்ணிலும் பிசகுவதில்லை. பேட்டரி ஒரு முழு நாள் தாங்குகிறது. பழுது பார்த்த கடைக்காரரும் நேர்மையாகவே நடந்துகொண்டார்.

என் மனத்தாங்கல் திரையில் தோன்றும் எண்ணைப் பற்றியது. மண்ணுக்கடியில் கிடக்கும் பொருளின் மின்கடத்துத் திறனும் பருமனும் சேர்ந்து அந்த எண்ணைத் தீர்மானிப்பதால், பெரிய ஈயக் குண்டுக்கு உயர்ந்த எண்ணும் சிறிய குண்டுக்குத் தாழ்ந்த எண்ணும் வருகின்றன. அந்தத் தாழ்ந்த எண்கள் இருக்கும் இடத்திலேயே குளிர்பானக் கேன்களின் இழுப்பு வளையங்களும் வந்து விழுகின்றன. கருவியோடு வரும் கையேடு இவற்றையெல்லாம் குப்பை என்று சொல்லி, ஒலி எழுப்பாமல் அடக்கிவைக்கும் அமைப்பைப் புதியவர்களுக்குப் பரிந்துரைக்கிறது. அதை நம்பி முதல் ஓராண்டு முழுவதும் அந்த அமைப்பிலேயே நடந்தேன்.

இது ஏன் இவ்வளவு வலிக்கிறது என்றால், மன்னர் தரப்பும் நாடாளுமன்றத் தரப்பும் மோதிய இங்கிலாந்து உள்நாட்டுப் போரில், 1645 ஜூன் 14 அன்று நேஸ்பி போர் நடந்த கவுண்டி (மாவட்டம்) இது. அந்த உள்நாட்டுப் போரில் காலாட்படையின் மஸ்கெட்டுக்கு ஒரு பவுண்டு ஈயத்தில் ஏறத்தாழ பன்னிரண்டு குண்டுகள் வார்த்தார்கள். குதிரைப்படையினரின் கைத்துப்பாக்கிகளுக்கு அதைவிடச் சிறிய குண்டுகள் வேண்டியிருந்தன. எந்த அளவுக் குண்டு எந்த இடத்தில் கிடக்கிறது என்பதை வைத்துத்தான் யார் எங்கே நின்று சுட்டார்கள் என்பதை ஆராய்ச்சியாளர்கள் ஊகிக்கிறார்கள். சிறிய குண்டுகளை மட்டும் கருவி விழுங்கிவிட்டால், என் வரைபடத்தில் குதிரைப்படையே இருக்காது.

இந்த நிலத்தில் நான் எடுத்த குண்டுகளை அடையாளம் காட்டியது அந்த விலை உயர்ந்த கருவியன்று. பத்துப் பவுண்டுக்கு வாங்கிய நகைத் தராசுதான். எதிலோ மோதிச் சப்பையான குண்டு ஒன்று என்னிடம் இருக்கிறது. நீண்ட காலம் மண்ணில் கிடந்ததால் மேலெல்லாம் வெண்சாம்பல் தோல் படர்ந்திருக்கிறது. ஒரு பக்கத்தில் வார்ப்பச்சின் இரண்டு பாதிகளும் சேர்ந்த மெல்லிய கோடு இன்னும் தெரிகிறது. காலிப்பரால் ஒரு திசையில் அளந்தால் 16.9 மில்லிமீட்டர், மறுதிசையில் 19.4. இரண்டில் எதை நம்புவது? தராசில் வைத்தேன்: 36.9 கிராம். ஒரு பவுண்டு 453.6 கிராம் என்பதால், பவுண்டுக்குப் பன்னிரண்டு என்ற கணக்கோடு அது ஏறக்குறைய ஒத்துப்போகிறது. ஈயத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 11.34 கிராம் என்பதைக் கொண்டு பின்னோக்கிக் கணக்கிட்டால், உருண்டையாக இருந்தபோது அதன் விட்டம் சுமார் 18.4 மில்லிமீட்டர் என்று கிடைக்கிறது. நசுங்கிய குண்டு வடிவத்தை இழந்திருந்தாலும் எடையைப் பெரும்பாலும் இழப்பதில்லை என்பதை உள்ளங்கையில் வைத்து உணர்ந்த அந்த மாலையை நான் மறக்க மாட்டேன்.

எடை எல்லாவற்றையும் சொல்லிவிடாது. வேட்டைத் துப்பாக்கியும் இதே அளவுக் குண்டைச் சுட்டிருக்கலாம். அடியில் குழிவும் பக்கத்தில் வளையக் கோடுகளும் கொண்ட கூம்பு வடிவக் குண்டு கிடைத்தால் அது பத்தொன்பதாம் நூற்றாண்டுக்கு உரியது. மினியே முறைக் குண்டு எனப்படும் அந்த வகை 1849க்குப் பிறகே வந்தது. அந்த வெண்தோலைச் சுரண்டி எடுக்காதீர்கள். ஈயத்தைத் தொட்ட பிறகு கைகளைக் கழுவுங்கள். சுடப்படாத தோட்டா எதுவாக இருந்தாலும் அதைக் கிளறாமல் விட்டுவிட்டுக் காவல்துறைக்குச் சொல்லுங்கள்.

அறுவடை முடிந்ததும், அடக்கும் அமைப்பை அணைத்துவிட்டு, முதல் ஆண்டில் நடந்த நிலக் கீற்றுகளையே மறுபடி நடந்தேன். இரண்டு கீற்றுகளில் நாற்பதுக்கும் மேற்பட்ட இழுப்பு வளையங்கள் கிடைத்தன. அவற்றோடு மூன்று சிறிய குண்டுகளும் கிடைத்தன. அவற்றில் ஒன்று 12.1 கிராம், அதாவது 12.7 மில்லிமீட்டர் விட்டம், கைத்துப்பாக்கிக்குப் பொருந்தும் அளவு. மூன்றின் இடத்தையும் ஜிபிஎஸ்ஸில் குறித்துக்கொண்டேன். இன்னும் பதினேழு கீற்றுகள் மீதமிருக்கின்றன.

ஆழம், உழைப்பு, பேட்டரி என்று எல்லாவற்றிலும் குறை சொல்ல முடியாத கருவிதான். ஆனாலும் நண்பருக்கு என் பதில், வாங்க வேண்டாம் என்பதே. பழைய கருவி ஒன்றை மலிவாக வாங்கி, அந்த எண்ணைப் பார்க்காமல் எல்லாவற்றையும் தோண்டட்டும். மிச்சப் பணத்தில் முதலில் ஒரு தராசு வாங்கட்டும்.